முதல் மீட்டர் டிரான்ஸ்பார்மருக்கு: எங்கள் கோட்டத்து மின் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கோட்டத்துச் செயற்பொறியாளர் அவர்களுக்கும், பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் அவர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு எங்கள் தெருவுக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் செல்போன். வீடு வீடாக மீட்டர் பெட்டியைப் போட்டோ எடுத்தார்கள். மீட்டர் நம்பரைப் பதிந்துகொண்டு பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வீட்டுக்காரரின் செல் நம்பரையும் கேட்டு வாங்கினார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "ஸ்மார்ட் மீட்டர் வரப்போகுது, அதுக்கு சர்வே" என்பது மட்டும்தான் பதில்.

தெருக்கோடியில், கடைசிக் கம்பத்தை ஒட்டிய வீட்டில் ஒரு ஆயா தனியாக இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். இணைப்பு இன்னும் அவர் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஆயாவிடம் செல்போன் கிடையாது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பேரனின் நம்பரைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்ல, அதைப் பதிந்துகொண்டார்கள். அவர்கள் கிளம்பும்போது ஆயா ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்திரியில டியூப்லைட்டு கண்ண சிமிட்டிக்கினே கீதே, அத எப்பப்பா சரி பண்ணுவீங்க?"

"அது எங்க வேலை இல்ல ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பையன்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய வேலைக்கு வந்தவர்கள், உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் ஆயா கேட்ட வேலை உங்களுடையது. மூன்று வருஷமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. அதற்கு ஆள் வரவில்லை. எங்கள் வீட்டு மீட்டரை எண்ணிப்போக ஆள் வந்துவிட்டது. இதைப் பேசாமல் விட என் மனசு ஒப்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த ஊரில் 22 வருஷமாக வீட்டு ஒயரிங் வேலை செய்கிறவன். வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர் எங்களுடையது. நிலக்கடலை, நெல், கொஞ்சம் கத்தரி. மழை பொய்த்த வருஷங்களில் கட்டட வேலைக்கு வெளியூர் போவார்கள். பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இந்த ஊரில் நான் ஏறாத பரண் இல்லை, திறக்காத ஸ்விட்ச் பாக்ஸ் இல்லை. சுழல்கிற அலுமினியத் தட்டு வைத்த பழைய மீட்டர் போய், சிவப்பு விளக்கு மினுக்குகிற மின்னணு மீட்டர் வந்ததை வீட்டுக்கு வீடு பார்த்தவன். புது மீட்டர் என்றதும் பயப்படுகிற ஆள் நான் இல்லை. ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அந்த மீட்டர் யாருக்காக எதைப் பார்க்கப்போகிறது என்பதுதான் என் கேள்வி.

வெறும் யூனிட்டை எண்ணுவதோடு இந்த மீட்டர் நிற்பதில்லை என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒருமுறை, சில இடங்களில் கால் மணிக்கு ஒருமுறை, வீட்டில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று குறித்து வைக்கும். செல்போன் டவர் வழியாகவோ, ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு ரேடியோ அலையில் தாவிப் போயோ கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் சேரும். அங்கே உட்கார்ந்தபடியே ஒரு வீட்டுக்குக் கரண்டை நிறுத்தலாம், திருப்பிக் கொடுக்கலாம். அப்புறம், எனக்கு முக்கியமான ஒன்று: அந்த நேரத்தில் வீட்டுக்கு எத்தனை வோல்ட் வந்தது என்பதையும் அது எழுதி வைக்கும்.

இதற்காகத்தான் நான் இந்த மீட்டரை வரவேற்கிறேன். ஆனால் நீங்கள் அதை அதற்காகப் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் வோல்டேஜ் கதையைச் சொல்கிறேன். போன மார்ச் 15 முதல் மே கடைசி வரை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வாரத்தில் நாலைந்து நாள், ராத்திரி ஏழரை மணிக்கு, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் ஒன்று, நடுத் தெருவில் ஒன்று, ஆயா வீட்டில் ஒன்று என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து எழுதினேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் 215, 220 என்று வந்தது. நடுத் தெருவில் 190. ஆயா வீட்டில் 170-ஐத் தாண்டிய ராத்திரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வர வேண்டியது 230.

மே 4, கத்திரி தொடங்கிய அன்று, ஆயா வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலூர் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும். 40 டிகிரிக்கு மேல் காய்ந்த சுவர் ராத்திரி பத்து மணி வரைக்கும் அனலடிக்கும். 2011-ல் அரசாங்கம் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மின்விசிறி ஒன்றுதான் அந்த வீட்டில் காற்று. ஆறே முக்காலுக்கு 171. ஏழரைக்கு 158. எட்டு மணிக்கு, ஊரே மாவரைத்து, டிவி போட்டு, மோட்டார் விட்டு, நாலு வீட்டில் ஏசியும் ஓடுகிற நேரத்தில், 149. விசிறியின் இறக்கைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண முடிந்தது. சுற்றுகிறதே தவிர ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. ஆயா முந்தானையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார். "இது பழகிப்போச்சுப்பா" என்றார். பதினோரு மணிக்கு மறுபடி பார்த்தால் 205. அதற்குள் ஆயா திண்ணையிலேயே தூங்கிவிட்டிருந்தார்.

இதனால் நஷ்டப்படுவது ஆயா மட்டுமில்லை. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதே தண்ணீரை ஏற்ற அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகும், ஒரு நாள் எரியும். எங்கள் தெருவில் இரண்டு கோடையில் ஏழு அரை எச்.பி. மோட்டார்களைக் கழற்றி ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோனவன் நான்தான். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாது. பீடி சுற்றுகிற பெண்கள் ராத்திரி வெளிச்சம் போதாமல் டார்ச் லைட்டை மேலே கட்டி வைத்துக்கொண்டு இலை வெட்டுகிறார்கள். பிரிட்ஜ் வாங்குகிற ஒவ்வொரு வீடும் கூடவே ஒரு ஸ்டெபிலைசருக்கும் காசு எடுத்து வைக்கிறது. இதெல்லாம் உங்கள் கணக்கில் வராத, நாங்கள் கட்டுகிற கரண்ட் பில்.

காரணமும் மர்மமில்லை. 16 வருஷத்துக்கு முன்னால் வைத்த அதே 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்தான் இன்றைக்கும். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு டிவி, இரண்டு பல்பு. இன்றைக்கு என்னென்ன ஓடுகிறது என்று மேலேயே சொன்னேன். கம்பி அதே மெல்லிய கம்பி, கம்பத்துக்குக் கம்பம் நீண்டு தெருக்கோடி வரைக்கும் வந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற மூன்று பேஸ் கம்பிகளில், புது வீடுகளை எல்லாம் கைக்கு எட்டிய ஒன்றிலேயே மாட்டியதால் மூன்று பேஸிலும் லோடு சமமாக இல்லை. இதைச் சொல்லி மூன்று மனு கொடுத்தோம். முத்திரை போட்ட நகல்கள் என்னிடம் இருக்கின்றன. "எஸ்டிமேட் போட்டாச்சு" என்று ஒரு முறை வாய்வழிப் பதில் வந்தது. எழுத்தில் எதுவும் வரவில்லை.

இந்த இடத்தில் உங்கள் திட்டத்தின் நோக்கத்தையே எடுத்துப் பேசுகிறேன். தேசிய ஸ்மார்ட் கிரிட் இயக்கம் 2015-ல் வந்தது. 2021-ல் மத்திய அரசு மின் விநியோகத்தைச் சீரமைக்கும் திட்டம் கொண்டுவந்து, நாடு முழுக்க 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர் என்று இலக்கு வைத்தது. வழியில் வீணாகிற கரண்டும் வசூலாகாத பணமும் சேர்ந்த இழப்பை 12 முதல் 15 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் குறி. நல்ல குறிதான். ஆனால் அந்த இழப்பு எங்கே நடக்கிறது? மெல்லிய கம்பியில் கூடுதல் ஆம்பியர் ஓடினால் கம்பி சூடாகும்; ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடாகி வீணாவது நான்கு மடங்காகும். ஆயா வீட்டுக்கு வராமல் போன வோல்ட் வழியிலேயே கம்பியைச் சுட வைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆயா வீட்டு மீட்டர் மட்டும் போதாது. டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து எவ்வளவு கிளம்பியது, வீடுகளில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று இரண்டையும் கழித்துப் பார்த்தால்தான் இழப்பு தெரியும். அந்த மத்தியத் திட்டத்திலேயே டிரான்ஸ்பார்மருக்கும், துணை மின் நிலையத்திலிருந்து அதற்கு வருகிற பீடர் லைனுக்கும் மீட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறது. எங்கள் ஊரில் சர்வே எடுக்க வந்தவர்கள் டிரான்ஸ்பார்மர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டை மட்டும் எண்ணினால், குறைகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் வீட்டுக்காரன்தான் திருடன் போலத் தெரிவான். அந்தப் பழி எங்களுக்கு வேண்டாம்.

நம் மாநிலத்தில் இந்த மீட்டரை முதலில் சென்னை தியாகராய நகரில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே பெரும்பாலும் தரைக்கடியில் கேபிள், பக்கத்துப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர், தெருவெல்லாம் டவர் சிக்னல். எங்கள் ஊரில் தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் போன் பேச முடியாது, ஏரிக்கரைக்கு வர வேண்டும். சிக்னல் இல்லாமல் மீட்டர் கணக்கு வந்து சேரவில்லை என்றால் எதை வைத்துப் பில் போடுவீர்கள்? போன தடவை எவ்வளவோ அதையே இந்தத் தடவையும் போடுவீர்களா? இதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை.

இனி ரீடிங். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்கிற முறையில் எங்களுக்கு இருக்கிற பெரிய கஷ்டம், ஆள் தள்ளி வருவதுதான். என் வீட்டையே சொல்கிறேன். கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் 8 யூனிட். 60 நாளில் எடுத்தால் 480. நாலு நாள் தள்ளி எடுத்தால் 512. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி கணக்குப் போட்டால் 480-க்கு 1,605 ரூபாய், 512-க்கு 2,046 ரூபாய். முப்பத்திரண்டு யூனிட்டுக்கு 441 ரூபாய் வித்தியாசம். 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த மலிவு விலை போய்விடுகிறது. அதில் மட்டும் 225 ரூபாய். அப்புறம் விகிதங்கள் ஏறின, ஆனால் கணக்கின் அமைப்பு அதேதான். நாலு நாள் தள்ளி வந்தது நானில்லை, ஆனால் காசு கட்டியது நான்.

ஸ்மார்ட் மீட்டர் இதைத் தீர்க்கும். சரியாக அறுபதாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கணக்கை முடிக்கும். மாதம் ஒருமுறை கணக்கு என்று 2021 தேர்தலில் கொடுத்த வாக்குறுதிக்கும் இந்த மீட்டர் வந்தால் வழி பிறக்கும். நாற்பத்தைந்தாம் நாளே "380 யூனிட் ஓடிவிட்டது" என்று எங்களுக்குச் சொன்னால் நாங்களே ஏசியைக் குறைத்துக்கொள்வோம், மோட்டாரைப் பார்த்து விடுவோம். வீட்டு மின்சாரத்தைக் கண்காணிப்பது என்றால் எனக்குத் தெரிந்து இதுதான் அர்த்தம்: வீட்டில் இருப்பவர் தன் கணக்கைத் தானே பார்ப்பது. 2020-ல் வந்த மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளில் 2023 ஜூனில் ஒரு திருத்தம் செய்தார்கள். ஸ்மார்ட் மீட்டரை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது தூரத்திலிருந்தே படிக்க வேண்டும், அந்தக் கணக்கை நுகர்வோருக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கொடுப்பது எப்படி? செல்போன் செயலியில் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது எட்டாது. ஆயாவின் கணக்கு ஆம்பூருக்குப் போகும். அந்தப் பையன் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே அதைப் பார்த்து, ராத்திரி போன் பண்ணி, பக்கத்து வீட்டுப் பெண் எழுந்து போய் ஆயாவுக்குச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு ஆயாவிடம் இருப்பது வெள்ளை அட்டை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். ரீடிங் எடுக்க வருகிறவர் அதில் பேனாவால் எழுதி, "ஆயா, இந்த வாட்டி நூறுக்குள்ளதான், காசு கட்ட வேணாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆயா அதைத் தாண்டாமல் இருக்க டிவியைக்கூடக் குறைத்துத்தான் பார்க்கிறார். அந்த ஒரு வரி அவருக்குக் கிடைக்காமல் போகக்கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

முன்கட்டணம் என்ற சொல்தான் ஊரை அதிகமாகக் கலக்கியிருக்கிறது. செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதுபோல முன்னாலேயே காசு போட வேண்டும், தீர்ந்தால் தானாகக் கட்டாகும் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. புது இணைப்புகளை முன்கட்டண மீட்டரோடுதான் தர வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. விலக்கு வேண்டுமானால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்க வேண்டும். பீகாரில் கிராமங்கள் வரை இந்த முறை போய்விட்டது. நம் வீடுகளுக்கு வருமா வராதா? வந்தால் அந்த 100 யூனிட்டை எப்படிக் கழிப்பீர்கள்? குடியாத்தம் பக்கம் கைத்தறி போட்டிருக்கிறவர்களுக்கு 2023-லிருந்து 300 யூனிட் வரை இலவசம். அது முன்பணத்தில் எப்படிச் சேரும்? குடிசை இணைப்பு என்னாகும்? கட்டட வேலைக்குப் போகிறவர் கையில் காசு சனிக்கிழமைதான் வரும். வியாழக்கிழமை ராத்திரி இருப்புத் தீர்ந்தால் அவர் பிள்ளைகள் இரண்டு ராத்திரி இருட்டில் இருக்க வேண்டுமா?

பணம் கட்டாத வீட்டில் பீஸைப் பிடுங்கிக் கரண்டை நிறுத்துவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பிடுங்க வருகிறவர் ஒரு மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பணம் கட்டாத ஒரு வீட்டுக்கு உங்கள் லைன்மேன் வந்தார். நான் அப்போது அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் ஸ்விட்ச் போர்டு மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பிறந்து ஒன்பது நாள் குழந்தை, வேப்பிலை செருகிய தூளி. பீஸ் கேரியரில் கையை வைத்தவர், குழந்தை சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். "நான் பக்கத்துத் தெருவ முடிச்சிட்டு நாலு மணிக்கு வரேன், அதுக்குள்ள கட்டிடுங்க" என்று சைக்கிளை எடுத்தார். மூன்றரைக்குப் பணம் கட்டிவிட்டார்கள். வாரியத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தூரத்துக் கம்ப்யூட்டருக்குத் தூளி தெரியாது. அதனால் அதற்கு நீங்கள்தான் விதி எழுதி வைக்க வேண்டும்.

நேரத்துக்கு ஒரு விலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 திருத்தத்தில், சூரிய வெளிச்ச நேரத்தில் விலை குறைவு, உச்ச நேரத்தில் விலை கூடுதல் என்று இருக்கிறது. விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1-க்குள் என்றும், ஸ்மார்ட் மீட்டர் வைத்ததும் அமல் என்றும் எழுதியிருக்கிறார்கள். பகலெல்லாம் கழனியில் இருக்கிறவர்கள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்து ஸ்விட்சைப் போடுகிறார்கள். அவர்களிடம் சாயங்காலத்துக்குக் கூடுதல் விலை கேட்பது நியாயமாகாது, அதுவும் 149 வோல்டுக்கு.

வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிவது பற்றியும் கவலை இருக்கிறது. கிராமத்தில் யார் வீட்டில் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்தானே என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் எங்களுக்குத் தெரிவது எங்களோடு நிற்கும். அரை மணிக்கு ஒரு கணக்கு என்றால், எப்போது எழுந்தார்கள், எப்போது தூங்கினார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த வீட்டில் ஒரே ஆள் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் தெரியும். பௌர்ணமிக்கு வீட்டோடு திருவண்ணாமலை கிரிவலம் போனால் அந்த ராத்திரி மீட்டர் சொல்லிவிடும். இது கற்பனையில்லை. மெயின் ஒயரில் ஓடுகிற கரண்டை மட்டும் வைத்து வீட்டுக்குள் எந்தக் கருவி ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை 1980-களில் அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹார்ட், இதை வேவு பார்க்கவும் பயன்படுத்த முடியும் என்று 1989-லேயே எழுதி எச்சரித்தார். நெதர்லாந்தில் இந்த மீட்டரைக் கட்டாயமாக்க வந்த சட்டத்தை 2009-ல் மேலவை இதே காரணத்துக்காகத் தடுத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. தனியாக இருக்கிற ஆயா போன்றவர்களின் கணக்கு எந்த ஒப்பந்தக்காரர் கம்ப்யூட்டரில் இருக்கும், யார் யார் பார்ப்பார்கள், எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. இன்றைக்கு வீட்டுக்கு, நாளைக்குக் கழனி மோட்டாருக்கு என்று விவசாயிகள் பயப்படுகிறார்கள். இலவச மின்சாரம் போய்விடும் என்ற பயம் அது. அந்தப் பயத்தை நான் தூண்டிவிடவில்லை. ஆனால் நீங்கள் வாய் திறக்காதவரை அது வளரும். 2024 மே மாதம் குஜராத்தில் வதோதரா பக்கம், புது மீட்டர் அதிகமாக ஓடுகிறது என்று ஜனங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான், பழைய மீட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறோம் என்றார்கள். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது இது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவதற்கு முன்னால் டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று மாட்டுங்கள். ஒரு மாதம் அதன் கணக்கை எடுத்து, மூன்று பேஸிலும் எவ்வளவு லோடு, உச்ச நேரத்தில் எவ்வளவு என்று பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். லோடு தாங்கவில்லை என்று தெரிந்தால், தெருக்கோடிக்குப் பக்கத்தில் இன்னொரு டிரான்ஸ்பார்மர் வையுங்கள், கம்பியை மாற்றுங்கள். இடம் தேவைப்பட்டால் புறம்போக்கு இருக்கிறது, ஊரில் பேசி முடித்துத் தருகிறோம்.

கிராம சபையில் வந்து பேசுங்கள். முன்கட்டணம் உண்டா இல்லையா, நேர விலை உண்டா இல்லையா, 100 யூனிட், கைத்தறி, குடிசைச் சலுகைகள் எப்படித் தொடரும், சிக்னல் இல்லாதபோது பில் எப்படி, எங்கள் கணக்கு யார் கையில் இருக்கும், விவசாய இணைப்பைத் தொடுவீர்களா என்பதற்கெல்லாம் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை வாங்கிப்போன செல் நம்பர்களைப் பயன்படுத்தாதீர்கள். சரியான ஆளின் நம்பர்தானா என்று வீட்டுக்கு வீடு மறுபடி கேளுங்கள்.

மீட்டர் வைத்த பிறகும் வெள்ளை அட்டையை நிறுத்தாதீர்கள். செயலி வேண்டும் என்கிறவர்களுக்குச் செயலி; வேண்டாதவர்களுக்கு வாரம் ஒருமுறை தமிழில் ஒரு குறுஞ்செய்தி; போன் இல்லாதவர்களுக்கு மாதம் ஒருமுறை ஆள். முதல் மூன்று மாதம், கேட்கிற வீடுகளில் பழைய மீட்டரும் கூடவே ஓடட்டும். ரீடிங் சரியில்லை என்று நுகர்வோர் புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்று வைத்துக் குறைந்தது மூன்று மாதம் சரிபார்க்க வேண்டும் என்று அதே நுகர்வோர் விதிகளின் 2024 பிப்ரவரித் திருத்தத்தில் இருக்கிறது. புகார் வரும்வரை காத்திருக்காமல் அதை நீங்களே செய்யுங்கள்.

தூரத்திலிருந்து கரண்டை நிறுத்துவதாக இருந்தால், சூரியன் மறைந்த பிறகு நிறுத்தக்கூடாது, விடுமுறை நாளில் நிறுத்தக்கூடாது, ஆள் நேரில் வந்து சொல்லாமல் நிறுத்தக்கூடாது. பிறந்த குழந்தையோ படுத்த படுக்கையாக முதியவரோ இருக்கிற வீடுகளைப் பிரிவு அலுவலகத்தில் தனியாகக் குறித்து வையுங்கள்.

கடைசியாக, வோல்டேஜ். ஒவ்வொரு வீட்டு மீட்டரும் எழுதி வைக்கிற வோல்டை மாதம் ஒருமுறை தெருவாரியாக வெளியிடுங்கள். தூரத்திலிருந்தே கண்காணிக்க முடிகிற குறைகளுக்கு நுகர்வோர் மனுப்போடாமலே இழப்பீடு தர வேண்டும் என்று 2020 விதிகளில் இருக்கிறது. மீட்டர் வந்துவிட்டால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே 149 என்று பதிவாகும். அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த இழப்பீட்டை வோல்டேஜுக்கும் சேர்த்து, பில்லிலேயே கழித்துக் கொடுங்கள்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நாள், நீங்களோ உங்கள் உதவிப் பொறியாளரோ ராத்திரி ஏழரை மணிக்கு எங்கள் தெருவுக்கு வாருங்கள். ஆயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மல்டிமீட்டரும் நோட்டுப் புத்தகமும் நான் எடுத்து வருகிறேன். எட்டு மணி வரை அந்த விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மற்றதை அங்கேயே பேசுவோம்.

இப்படிக்கு,
ஊரில் ஒயரிங் வேலை செய்கிற ஒருவன்,
வேலூர் மாவட்டம்